இரண்டு விளக்கும் ஒன்றாக மங்கினால்

"அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. இனிமே அவர இருட்டுல காடி ஓட்ட விடக்கூடாது. வித்துடலாம்." ஜொகூரிலிருந்து அக்கா போன் செய்து சொன்னபோது நானும் ஆமாம் போட்டேன். அப்பாவுக்கு வயது 74. முந்தைய வாரம் சாலையோரக் குழி ஒன்றைக் கடைசி நொடியில்தான் பார்த்திருக்கிறார். அதற்கும் முந்தைய வாரம், விளக்கில்லாமல் போன சைக்கிள்காரர் ஒருவரை உரசிக்கொண்டு போயிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பயந்துபோய் அக்காவிடம் சொல்லிவிட்டார்.

இருட்டில் ஓட்டாமல் இருக்க அவரால் முடியாது என்பதுதான் சிக்கல். அம்மாவுக்கு செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் ஈப்போவில் டயாலிசிஸ். கிடைத்திருப்பது காலை முதல் ஷிஃப்ட். சுங்கை சிப்புட்டில் வீட்டை விட்டு 5.45க்குக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். நம் நாட்டில் பொழுது விடிவதே ஏழு மணி வாக்கில். ஆக, போகிற வழி முழுக்க இருட்டு. அந்த நேரத்தில் அங்கே கிரேப் கிடைப்பது அவர்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காரை விற்பது என்றால், வாரம் மூன்று நாள் அம்மாவை யார் கொண்டு போவது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். அக்காவிடமும் பதில் இல்லை, கிள்ளானில் இருக்கும் என்னிடமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனேன். இரவு உணவு முடிந்ததும் அப்பாவை இடப்பக்கம் உட்கார வைத்து, அவருடைய காரை நானே ஈப்போ சாலையில் ஓட்டினேன். வீடுகள் முடிந்து செம்பனை தொடங்கும் இடத்தில்தான் விஷயம் புரிந்தது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு 41 வயது, கண்ணாடி போடாத கண். இருந்தும் சாலைக்கோடு பத்துப் பதினைந்து மீட்டருக்கு அப்பால் மங்கலாகக் கரைந்துபோனது. ஒரு மேட்டில் கார் குலுங்கியபோது இரண்டு விளக்கும் சேர்ந்தே அணைந்து, இரண்டு வினாடி கழித்து வந்தன.

"பாத்தியா?" என்றார் அப்பா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கண்ணுக்குத்தான் குறை என்று நாங்கள் எல்லாரும் தீர்ப்பு எழுதிய பிறகு அவர் விளக்கைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று அம்மா பிறகு சொன்னார்.

வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் வண்டிகளைப் பற்றி எழுதுகிறவன் நான். சொந்த அப்பாவின் காரில் உட்கார்ந்து பார்க்க எனக்கு ஒரு சைக்கிள்காரர் தப்பிப் பிழைக்க வேண்டியிருந்தது.

கார் என்ன கார் என்று கேட்பீர்கள். பெயர் வேண்டாம், இதில் குற்றம் காருடையது அல்ல. சாகா 1985இலும் வீரா 1993இலும் கஞ்சில் 1994இலும் நம் சாலைக்கு வந்தவை. அந்த வயதுக் கார்கள் தாமான்களிலும் கம்பங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாவுடையதும் அந்தக் காலத்துச் செடான்தான். அந்தத் தலைமுறைக் கார்களில் பெரும்பாலும் முன்விளக்கில் எச்4 பல்புதான். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கெல்லாம் பொருந்தும்.

அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் அப்பா ஏற்கெனவே இரண்டு முறை காட்டியிருக்கிறார். முதல் முறை பல்பை மாற்றினார்கள். இரண்டாம் முறை பல்பின் பின்னால் உள்ள சாக்கெட்டைக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, "12.4 வருது அங்கிள், வயரிங் ஓகே" என்று சொல்லி பேட்டரியை மாற்றிவிட்டார்கள். பொமென் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். சாக்கெட்டைக் கழற்றிவிட்டால் கம்பியில் மின்சாரமே ஓடுவதில்லை. ஓடாதபோது துருப்பிடித்த கம்பியும் 12 வோல்ட் காட்டும், நூல்போல ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் 12 வோல்ட் காட்டும். குழாயை மூடி வைத்துவிட்டு அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று சொல்வது போலத்தான். திறந்தால்தான் சொட்டுகிறதா, கொட்டுகிறதா என்று தெரியும். எனவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, சாக்கெட் பல்பிலேயே மாட்டியிருக்கும்போது அளக்க வேண்டும். சாக்கெட்டின் பின்பக்கம் வயர் நுழையும் துளையில் ஒரு குண்டூசியைச் செருகினால் மீட்டர் முனை அதைத் தொடும். குண்டூசி இரண்டு ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே பாதித் துப்பு துலங்கிவிடும். ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையா, இரண்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, சாக்கெட், ஃபியூஸ், எர்த் இவற்றுக்குள் முடிந்துவிடும். இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி ஃபியூஸ் உள்ள கார்கள் நிறைய. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் பல்பைச் சந்தேகிப்பது கடைசி வேலை. இரண்டு பல்பு ஒரே நொடியில் சாவது அபூர்வம். (ஆனால் ஒரு பல்பு போய் மூன்று மாதம் ஆகியும் கவனிக்காமல் ஓட்டி, இரண்டாவது போன அன்று "திடீர்னு ரெண்டும் போச்சு" என்று வருகிறவர்கள் உண்டு. என் வீட்டிலேயே ஒருவர் உண்டு. அவர் இதைப் படிப்பார் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.)

அடுத்து, ஸ்டீயரிங் பக்கத்துக் கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்து ஃபிளாஷ் அடித்துப் பாருங்கள். பல கார்களில் ஃபிளாஷுக்கு சுவிட்சுக்குள் வேறு தொடுமுனை. வழக்கமான விளக்கு வராமல் ஃபிளாஷ் மட்டும் பளிச்சென்று வந்தால், விளக்கு வரைக்கும் போகிற கம்பிகளில் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது, கோளாறு சுவிட்சில் இருக்கலாம் என்று பொருள். நடுச்சாலையில் விளக்கு செத்துப்போனால் இதே கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி, ஹஸார்ட் போட்டு, மெதுவாக ஓரம் கட்டலாம். பயணிகளோடு போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரிலே உள்ள கார் என்றால் ஒருவரை சுவிட்சைத் தட்டச் சொல்லிவிட்டு, ரிலே மேல் விரலை வையுங்கள். 'டிக்' என்று உள்ளே அசைவது தெரியும். தெரியாவிட்டால், பக்கத்தில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே இருந்தால், பெரும்பாலும் ஹார்னுடையது, இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை.

அப்பாவின் கார் இந்தக் கேள்விகளுக்குச் சொன்ன பதில் தெளிவாக இருந்தது. இரண்டு விளக்கும் சேர்ந்தே மங்கல். இரண்டும் சேர்ந்தே அணைகின்றன. ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் கொஞ்சம் தேவலை. ரிலே கிடையாது. விளக்குக்கான முழு மின்சாரமும் ஸ்டீயரிங் சுவிட்ச் வழியாகவே போய், அங்கிருந்து இரண்டு ஃபியூஸாகப் பிரிகிறது.

ஞாயிறு காலை போர்ட்டிக்கோவில் வேலையைத் தொடங்கினோம். அப்பா டிரைவர் இருக்கையில், நான் பானட்டுக்குள். என்ஜின் ஓட, பேட்டரியில் 14.0 வோல்ட். லோ பீமைப் போட்டு இடது பல்பின் கால்களில் அளந்தேன். 11.2.

2.8 வோல்ட் எங்கோ வழியில் காணாமல் போகிறது. ஐந்தில் ஒரு பங்குதானே என்று நினைக்க வேண்டாம். ஹாலஜன் பல்பு வோல்ட்டேஜுக்கு ஏற்ப நேர்விகிதத்தில் மங்குவதில்லை. பத்து விழுக்காடு வோல்ட்டேஜ் குறைந்தால் ஏறத்தாழ முப்பது விழுக்காடு வெளிச்சம் போய்விடும். இருபது விழுக்காடு குறைந்தால் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது. அப்பா இத்தனை மாதம் பாதிக்கும் குறைந்த வெளிச்சத்தில் அம்மாவை ஈப்போவுக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

காணாமல் போனதை எங்கே தேடுவது? மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை பல்பின் எர்த் காலிலும் வைத்தேன். சரியாக இருந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.7 காட்டியது. எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், விளக்குக்குக் கீழே கார் உடம்பில் முறுக்கியிருக்கும் ஒரு போல்ட். அதன் மேல் துரு பொருக்குத் தட்டியிருந்தது. கழற்றி, இரும்பு பளபளக்கும் வரை மணற்தாளால் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் பூசி மறுபடி முறுக்கினேன். 0.1. பத்து நிமிட வேலை, காசு செலவில்லை. மங்கலான விளக்குக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் இருபது வருடக் காரில் எர்த் போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மீதி 2.1 வோல்ட் பிளஸ் பக்கத்தில். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். (ஏர்பேக் உள்ள கார் என்றால் இங்கே கை வைக்காதீர்கள், வயரிங் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். அப்பாவுடையதில் ஏர்பேக் இல்லை.) உறை கழன்றதுமே வாசனை வந்தது. கருகிய பிளாஸ்டிக்குக்கென்று ஒரு வாசனை உண்டு, ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சுவிட்சுக்குள் போகும் கம்பிக்கும் வெளியே வரும் கம்பிக்கும் இடையே மட்டும் 1.5 வோல்ட். அங்கேதான் வெளிச்சம் வெப்பமாக மாறிக்கொண்டிருந்தது. மீதியை கம்பிகளும், பானட்டுக்குள் பழுப்பேறிப்போன பல்பு சாக்கெட்டுகளும் பங்கு போட்டுக்கொண்டன.

"ஏன்பா இப்படிக் கருகியிருக்கு?" என்று அப்பா கேட்டார். நான் பல்பைக் கழற்றி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். 100/90.

அது நான் வாங்கிக் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது, "லைட்டு கொஞ்சம் பத்தல" என்று அப்பா சொன்னார். நான் சுவிட்சையும் எர்த்தையும் பார்க்கவில்லை. அக்செஸரி கடையில் வாட் அதிகமான பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டி, சுவரில் வெளிச்சத்தைப் பார்த்து, பெருமையாகக் கிள்ளானுக்குத் திரும்பிவிட்டேன். பட்டறையில் பல்பு மாற்றியபோது பழையதைப் பார்த்து அதே வாட்டில் போட்டிருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 55 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில், சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 90 வாட் இரண்டு என்றால் 15 ஆம்பியர். சுவிட்சின் தொடுமுனையில் உண்டாகும் வெப்பமோ ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆக, இரண்டரை மடங்குக்கும் மேல் சூடு. சூட்டில் தொடுமுனை கருகும், கருகினால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. கடைசியில் 1.5 வோல்ட் அந்தச் சின்ன சுவிட்சுக்குள் தின்னப்படும்போது, அங்கே ஏறத்தாழ 20 வாட் வெப்பம். ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் அளவுக்கு. அப்பாவின் வலது முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ், அதில் ஓடியது 7.5. ஃபியூஸுக்குத் தன் அளவில் எந்தக் குறையும் தெரியவில்லை. இரண்டு பக்கத்துச் சுமையும் சேர்ந்து சுவிட்சில் விழுந்ததை அது அறியாது. மேலும், பல்பு எரிகிறது என்பதற்காகப் பெரிய ஃபியூஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காரில் தீ பிடித்தால் ஃபியூஸ் கடைசியாகத்தான் போகும்.

பிரச்சினை தெரிந்துவிட்டது, ஆனால் ஞாயிறு கடைகள் மூடல். செவ்வாய் 5.45க்குக் கார் கிளம்பியாக வேண்டும். திங்கள் விடுப்பு எடுத்தேன். ஈப்போவில் ஒரு பொத்தோங் கடையில், குவியலுக்குள் அரைமணி நேரம் தேடி, அதே மாடல் சுவிட்ச் ஒன்று 60 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. தொடுமுனை கருகாமல் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்து வாங்கினேன். பழைய சாமான் வாங்கும்போது கடைக்காரர் முகம் சுளித்தாலும் திறந்து பாருங்கள். எச்4 ரிலே செட் ஒன்று 45 ரிங்கிட், புது செராமிக் சாக்கெட்டுடன். 60/55 பல்பு ஒரு ஜோடி 30.

ரிலே செட் போடுவது எதற்கு? இனி பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாக, தனி ஃபியூஸோடு, நேராகப் போகும். பழைய சுவிட்சின் வேலை ரிலேயைத் தட்டிவிடுவது மட்டும். அதற்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. முப்பது வயதுச் சுவிட்சுக்குக் கொடுக்கக்கூடிய ஓய்வூதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினேன். கம்பிகளைக் கட்டி முடித்ததும் அங்குள்ள வயரிங் கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். ஒரு இடத்தில் என் கம்பி ரேடியேட்டர் விசிறிக்கு மிகப் பக்கத்தில் போயிருந்தது. அவர் நகர்த்திக் கட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். பல்பு மாட்டும்போது கண்ணாடிப் பகுதியை விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

இளம் வாசகர்கள் இந்நேரம் "எல்இடி போட்டிருந்தால் இத்தனை தொல்லை இல்லையே" என்று நினைத்திருப்பீர்கள். ஆம்பியர் குறையும், உண்மை. ஆனால் அந்தப் பழைய விளக்கின் உள்கிண்ணம், இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்தை வைத்து வடிவமைத்தது. வேறு வடிவ ஒளியை அதில் வைத்தால் பெரும்பாலும் வெளிச்சம் சிதறி, எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழும். எதிரே வருகிறவரும் யாருடைய அம்மாவையாவது ஏற்றிக்கொண்டு வரலாம். கண் கூசும் விளக்கு மாற்றங்களை ஜேபிஜே பிடிப்பதும் சும்மா இல்லை.

திங்கள் மாலை மீட்டர் 13.5 காட்டியது. இருட்டியதும் அப்பாவே ஓட்டினார், நான் பக்கத்தில். சனி இரவு நான் எதுவும் காணாத அதே இடத்தில் செம்பனை வரிசை இரண்டு பக்கமும் எழுந்து நின்றது. "அங்க பாரு, நாயி" என்று எனக்கு முன்னால் அவர்தான் சொன்னார். பிரேக்கில் மெதுவாகக் கால் வைத்தார்.

அக்காவிடம் சொன்னேன். "லைட்டு சரி. கண்ணையும் ஒரு தடவ பாத்துடுங்க" என்றார் அவர். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் அடுத்த வாரம் அழைத்துப் போனோம். வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. இப்போதைக்கு ஓட்டலாம், ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆக, அக்கா சொன்னதிலும் பாதி சரி. ஆறு மாதம் கழித்து என்ன என்பதை நாங்கள் மூவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கருகிய சுவிட்சை அப்பா தூக்கி எறியவில்லை, டேஷ்போர்டில் வைத்திருக்கிறார். அக்கா வந்தால் காட்டுவதற்காம். செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அம்மா காரில் ஏறுவதற்கு முன் கேட் பக்கம் போய் நின்று பார்க்கிறார். எதிர்வீட்டு மதில் சுவரில் இரண்டு வெளிச்சமும் ஒரே உயரத்தில் விழுந்திருந்தால் "ரெண்டும் இருக்கு" என்று குரல் கொடுத்துவிட்டு வந்து ஏறுகிறார்.